சாவியை விட்டால்தான் ஸ்டார்ட் ஆகும் எஸ்டீம்: ஈசியூவுக்கு 12 வோல்ட் எங்கிருந்து எடுப்பது?

கார்புரேட்டருடன் வந்த மாருதி எஸ்டீம். பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும்) எஸ்டீமின் 1,298 சிசி எஞ்சினை இன்டேக் மேனிஃபோல்டு, இன்ஜெக்டர் சமேதமாக முழுதாக ஏற்றியிருக்கிறார்கள். கம்பெனி ஈசியூ, அதாவது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர், இல்லை. அதன் இடத்தில் வி3.0 போர்டில் மெகாஸ்குவிர்ட் 2, நாமே டியூன் செய்துகொள்ளும் ஈசியூ. கிராங்க் புல்லியில் 36-1 பல்சக்கரம் (36 பல்லில் ஒன்று விடுபட்டது), இரண்டிரண்டு பிளக்குக்கு ஒன்றாக இக்னைட்டர் உள்ளடங்கிய இரண்டு காயில், டாங்கியில் எலக்ட்ரிக் பம்ப், எக்ஸாஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் எல்எஸ்யூ 4.9 வைட்பேண்ட் சென்சார். உள்ளே சீட்டும் ரோல் கேஜும் தவிர எல்லாம் கழற்றப்பட்ட டிராக் வண்டி. சாலைக்கு இப்படிச் செய்தால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும் என்பதால் அந்தப் பேச்சு இங்கே இல்லை.

இது ஒரு குறிப்பிட்ட வண்டியின் டைரி அல்ல. இந்த வகை மாற்றத்தில் மறுபடி மறுபடி தலைகாட்டும் கோளாறுகளை, வழக்கமாக வரும் வரிசையிலேயே ஒரே வண்டியில் வைத்துப் பார்த்திருக்கிறோம். எண்களும் இப்படிப்பட்ட வண்டியில் மீட்டர் காட்டக்கூடியவைதான்.

முதல் புகார்

செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிப்பதில்லை. எத்தனை நேரம் அடித்தாலும் பிளக்கில் பொறி இல்லை. சலித்துப்போய்ச் சாவியை விடும் அந்த நொடியில் ஒரு இருமல். பத்தில் ஒருமுறை எஞ்சின் பிடித்தும் கொள்கிறது. பிடித்துவிட்டால் பிறகு தொந்தரவே இல்லை.

இந்த அறிகுறியைக் கேட்டதுமே பாதி வேலை முடிந்தது. சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போது ஈசியூ உயிரோடு இல்லை. சாவி ஆன் நிலைக்குத் திரும்பும்போது அது விழித்துக்கொள்கிறது. எஞ்சின் இன்னும் ஓரிரு சுற்று தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதால், பல்சக்கரத்தின் விடுபட்ட பல்லை ஈசியூ அதற்குள் பார்த்துவிட்டால் பொறி வருகிறது, இல்லாவிட்டால் இல்லை. அதனால்தான் பத்தில் ஒருமுறை.

உறுதிப்படுத்திக்கொள்ள, ஈசியூவோடு பேசும் லேப்டாப் மென்பொருளான டியூனர்ஸ்டுடியோவில் லாக் ஓடவிட்டு 'செக்எல்' என்ற வரியைப் பாருங்கள். ஈசியூ விழித்ததிலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்ற கணக்கு அது. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அது பூஜ்யத்துக்குத் திரும்பினால் ஈசியூ செத்துப் பிழைக்கிறது என்று அர்த்தம். லேப்டாப்பில் தொடர்பு அறுந்து மறுபடி வருவதும் அதே கதைதான். ஸ்பீடுயினோ என்ற இன்னொரு வகை ஈசியூ வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி உண்டு: அதன் ஆர்டுயினோ மெகா போர்டு யுஎஸ்பி வழியாகவே 5 வோல்ட் எடுத்துக்கொள்ளும். லேப்டாப் செருகியிருந்தால் ஈசியூ சாகாது, வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். கழற்றிவிட்டு வெளியே எடுத்தால் நின்றுவிடும். சோதனை எப்போதும் கேபிளைக் கழற்றிய நிலையில்.

இந்த வண்டியில் ஈசியூவின் டிபி37 கனெக்டரில் (37 பின் கொண்டது) 28-ஆம் பின், அதாவது 12 வோல்ட் வரும் பின், டேஷ்போர்டுக்குப் பின்னால் பழைய மியூசிக் சிஸ்டத்தின் சிவப்பு வயரில் ஜாயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் சாவி ஆனில் 12.4 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 0. வயரை எடுத்த எலக்ட்ரீஷியனின் மீட்டர் பொய் சொல்லவில்லை. செல்ஃப் அடித்துப் பார்க்கவில்லை, அவ்வளவே.

சாவிக்குப் பின்னால் இருக்கும் நான்கு வயர்

ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளின் இக்னிஷன் சுவிட்சில் பேட்டரியிலிருந்து வரும் வயர் போக, வெளியே போவது பெரும்பாலும் நான்கு. ஆக்சசரி வயர்: ஏசிசி, ஆன் இரண்டிலும் கரண்ட் இருக்கும், ஸ்டார்ட்டில் போய்விடும். இக்னிஷன் 1: ஆனிலும் ஸ்டார்ட்டிலும் இருக்கும். இக்னிஷன் 2: ஆனில் இருக்கும், பல வண்டிகளில் ஸ்டார்ட்டில் அறுந்துவிடும், புளோயர், வைப்பர் போன்றவை இதில் தொங்கும். நான்காவது செல்ஃபுக்குப் போவது. பாட்டும் புளோயரும் செல்ஃப் அடிக்கும்போது நிற்பது கோளாறு அல்ல. 35 ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும் மோட்டாருக்கு எதையும் போட்டியாக வைக்கக் கூடாது என்று கம்பெனியே செய்த ஏற்பாடு.

ஆகவே தேடவேண்டியது இக்னிஷன் 1. வயரின் நிறத்தை நம்பாதீர்கள். இருபது வருட வண்டியில் யார் எந்த நிறத்தை எதில் முறுக்கினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. டிஜிட்டல் மீட்டரையும் தனியாக நம்பக்கூடாது. ஒரே ஒரு இழை மட்டும் மிச்சமிருக்கும் வயரிலும் அது 12.4 என்று அழகாகக் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே எடுப்பதில்லை. 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஹோல்டரோடு எடுத்து, ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையைச் சந்தேகப்படும் வயரிலும் வைத்து, அதற்குக் குறுக்கே மீட்டரையும் பிடியுங்கள். கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் ஓடும்போதும் பேட்டரியைவிட 0.2 வோல்ட்டுக்கு மேல் குறையாமல், ஏசிசியில் அணைந்து, ஆனில் எரிந்து, ஸ்டார்ட்டிலும் (மங்கலாக) எரிந்துகொண்டே இருக்கும் வயர்தான் உங்களுக்கு வேண்டியது.

ஆனிலிருந்து ஸ்டார்ட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு கணம் பல்ப் கண் சிமிட்டினால் சுவிட்சின் உள்தகடு தேய்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சிமிட்டலும் உண்டு. மீட்டரில் மினிமம்-மேக்சிமம் அளவைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் மினிமம் பக்கம் வைத்துப் பிடியுங்கள். அந்தச் சிமிட்டலில் ஈசியூ ஒருமுறை செத்துப் பிழைக்கும், சாவி போட்டதும் முன்கூட்டித் தெளிக்கும் பிரைமிங் பெட்ரோலை மறுபடி தெளிக்கும். இரண்டு பங்கு பெட்ரோலில் பிளக் நனைந்து காலையில் ஸ்டார்ட்டிங் தகராறு வரும் வண்டிகளில் சிலவற்றின் மூலகாரணம் இந்தத் தேய்ந்த சுவிட்ச்தான்.

காயிலின் பாசிட்டிவிலிருந்து எடுக்கும் பழக்கமும் உண்டு. வேண்டாம். பாலஸ்ட் ரெசிஸ்டர் வைத்த பழைய வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது அங்கே 8–9 வோல்ட்தான் இருக்கும். ரெசிஸ்டர் இல்லாத வண்டியிலும் ஒவ்வொரு பொறிக்கும் அந்த வயரில் வரும் குதிப்பு முழுவதும் ஈசியூவுக்குள் போகும்.

இரண்டாவது புகார்: ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங் நிற்கவில்லை

முதல் திருத்தம் நல்ல எண்ணத்தில் செய்யப்பட்டது. "கம்ப்யூட்டருக்குச் சுத்தமான கரண்ட் கொடுப்போம்" என்று பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர், நடுவில் ஒரு ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), ரிலேயின் காயிலுக்கு இக்னிஷன் 1. ஈசியூ மட்டும் அதில். இன்ஜெக்டர், காயில், வைட்பேண்ட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் முன்போலவே கார்புரேட்டர் காலத்து இக்னிஷன் வயரில்.

வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. டியூன் செய்து ஐட்லிங்கில் ஏஎஃப்ஆர், அதாவது காற்று-பெட்ரோல் விகிதம், 14.7-க்குக் கொண்டுவந்தார்கள் (எண் ஏறினால் பெட்ரோல் குறைவு, அது லீன்; இறங்கினால் அதிகம், அது ரிச்). ஃபேன் ஓடத் தொடங்கியதும் 15.5-க்குத் தாவி, எஞ்சின் குலுங்கி, சில சமயம் நின்றுவிடுகிறது. ஃபேன் நின்றால் மறுபடி சரி. டியூனர் ஈசியூவின் பெட்ரோல் அட்டவணையில் (விஇ டேபிள்) ஐட்லிங் கட்டங்களில் பெட்ரோலைக் கூட்டுகிறார். அப்போது ஃபேன் இல்லாத நேரத்தில் ரிச். இப்படியே ஒரு வாரம் போகும்.

டியூனிங்கில் எதுவும் தப்பில்லை. 28-ஆம் பின்னை ஈசியூ உயிர்வாழ்வதற்கான தீனி என்று மட்டும் நினைப்பதில்தான் சிக்கல். அது ஒரு வோல்ட்மீட்டரும் கூட. அங்கே வரும் வோல்ட்டேஜைப் பார்த்துத்தான் இன்ஜெக்டர் திறக்க எவ்வளவு தாமதம் ஆகும் என்று ஈசியூ கணிக்கிறது. காயிலை எத்தனை மில்லிசெகண்ட் சார்ஜ் செய்ய வேண்டும் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்கிறது. வோல்ட்டேஜ் குறைந்தால் இன்ஜெக்டரின் ஊசி மெதுவாக எழும். 13.2 வோல்ட்டில் திறக்க 1.0 மில்லிசெகண்ட் எடுக்கும் இன்ஜெக்டருக்கு, ஒவ்வொரு வோல்ட் குறைவுக்கும் 0.1 முதல் 0.2 மில்லிசெகண்ட் கூடுதலாகத் தேவைப்படுவது சாதாரணம். இந்தக் கணக்கெல்லாம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: ஈசியூ பார்க்கும் வோல்ட்டேஜும் இன்ஜெக்டர் பெறும் வோல்ட்டேஜும் ஒன்றே.

இந்த வண்டியில் அது ஒன்றல்ல. பேட்டரி போஸ்டில் 14.1. ஈசியூவின் பின்னில் 14.1. இன்ஜெக்டர் கனெக்டரில் 12.8. காணாமல்போன 1.3 வோல்ட் எங்கே என்று பார்த்தால்: 0.85 சதுர மில்லிமீட்டர் வயர் நான்கு மீட்டருக்கு ஏறக்குறைய 80 மில்லிஓம், தேய்ந்த சுவிட்ச் தொடுமுனையில் 40, பச்சை பிடித்த கனெக்டர்களில் இன்னொரு 40. மொத்தம் 160 மில்லிஓம். இன்ஜெக்டர், காயில், வைட்பேண்ட் சேர்ந்து 8 ஆம்பியர் ஓடினால் 1.3 வோல்ட் கணக்காக வந்துவிடுகிறது. ஃபேன் அதே வயரின் முதல் பகுதியைப் பங்குபோட்டு இன்னொரு 10 ஆம்பியர் இழுக்கும்போது மேலும் 0.5 வோல்ட் போகிறது.

பெட்ரோல் கணக்கில் இதன் அர்த்தம் என்ன? ஐட்லிங்கில் இன்ஜெக்டர் பல்ஸ் 2.4 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம், அதில் 1.0 திறக்கவே போய்விடும், பெட்ரோல் பாய்வது 1.4 மட்டும். வோல்ட்டுக்கு 0.15 என்று எடுத்தால், 1.3 வோல்ட் வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 0.2 மில்லிசெகண்ட் காணாமல் போகிறது. 1.4-இல் 0.2 என்பது 14 சதவீதப் பெட்ரோல். 14.7 இருக்க வேண்டிய இடத்தில் 17. டியூனர் அதை விஇ டேபிளில் கூட்டிச் சரிக்கட்டிவிட்டார். ஃபேன் போட்டால் இன்னொரு 0.07 மில்லிசெகண்ட் குறைகிறது, 5 சதவீதம், 15.5. லாக் காட்டியதும் அதுதான். முழு ஆக்சிலரேட்டரில் பல்ஸ் 10 மில்லிசெகண்ட் ஆகும்போது அதே 0.2 வெறும் 2 சதவீதம். அதனால்தான் டிராக்கில் வேகமாக ஓடும்போது ஒன்றும் தெரிவதில்லை, பிட்டுக்குள் வந்து நின்றால் எஞ்சின் நின்றுவிடுகிறது.

ஈசியூவின் திரையில் பேட்டரி 14.1 என்று ஆடாமல் நிற்கும். வயரிங் கோளாறு டியூனிங் கோளாறாக வேஷம் போடுவது இப்படித்தான்.

ஈசியூவுக்கென்றே தனி சிறு பேட்டரி வைக்கும் யோசனையும் இதே குழியில்தான் விழும். ஈசியூ எப்போதும் 12.4 பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜெக்டரும் காயிலும் 9.8-இல் தவிக்கும், காயிலுக்கு 14 வோல்ட்டில் 3 மில்லிசெகண்ட் போதுமென்றால் 10 வோல்ட்டில் ஏறக்குறைய நான்கரை வேண்டும், ஈசியூ அதைத் தராது. பொறி பலவீனமாக இருக்கக்கூடாத ஒரே நேரத்தில் பலவீனமாக இருக்கும். 28-ஆம் பின்னில் ஒரு டையோடும் 4,700 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் வைத்து முதல் புகாரைத் தாண்டலாம் என்பவர்களுக்கு: ஈசியூ 0.3 ஆம்பியர் எடுத்தால் அந்தக் கப்பாசிட்டர் ஒரு வோல்ட் இறங்க 15 மில்லிசெகண்ட் தாங்கும். செல்ஃப் மோட்டார் அசையத் தொடங்கும் அந்த முதல் பள்ளத்துக்கு அது உதவக்கூடும். ஆனால் டையோடின் 0.7 வோல்ட் குறைவு எப்போதும் கணக்கில் வந்துகொண்டிருக்கும். பேட்டரி 6.5 வோல்ட்டுக்கு விழுகிறதென்றால், 5 வோல்ட் ரெகுலேட்டருக்கும் அதன் முன்னால் உள்ள பாதுகாப்பு டையோடுக்கும் தேவையான இடைவெளியே மிஞ்சாது. அங்கே கப்பாசிட்டர் தேடுவதைவிட புதுப் பேட்டரி வாங்குவதே மலிவு.

முடிவாகப் போட்ட வயரிங்

ஒரு மெயின் ரிலே. ஈசியூ, இன்ஜெக்டர், காயில், வைட்பேண்ட் எல்லாம் அதன் 87-ஆம் காலிலிருந்து (கரண்ட் வெளியே போகும் கால்). ரேடியேட்டர் ஃபேன் இதில் கிடையாது. அதற்குத் தனி ரிலே, தனி பியூஸ்.

கரண்ட் உள்ளே வரும் 30-ஆம் காலுக்கு வயர் பேட்டரி பாசிட்டிவ் போஸ்டிலிருந்தே. செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், ஆசை காட்டும். ஆனால் 150 ஆம்பியர் ஓடும்போது 5 மில்லிஓம் கேபிளில் 0.75 வோல்ட் போய்விடும்; செல்ஃப் அடிக்கும் நேரத்தில் கிடைக்கும் கொஞ்சத்திலும் இது மிச்சம் பிடிக்க வேண்டிய முக்கால் வோல்ட். ஆல்டர்னேட்டரின் பி+ முனையும் வேண்டாம். அங்கே அலை அதிகம், பேட்டரிதான் அதை மட்டுப்படுத்துகிறது.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், பேட்டரியிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் 20 ஆம்பியர் பியூஸ். பியூஸ் காப்பாற்றுவது வயரை. அதற்கு முன்னால் இருக்கும் வயருக்குக் காவல் யாருமில்லை, அதனால் அந்தத் துண்டு குட்டையாக இருக்கட்டும். 87-இலிருந்து கிளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, தனி பியூஸோடு: ஈசியூவுக்கு 0.75 சதுர மி.மீ., 3 ஆம்பியர். இன்ஜெக்டருக்கு 1 சதுர மி.மீ., 10 ஆம்பியர், காயிலுக்கு 1.5 சதுர மி.மீ., 15 ஆம்பியர், வைட்பேண்டுக்கு 0.75, 5 ஆம்பியர். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாலை கோத்ததுபோல் ஜாயின்ட் அடித்துப் போனால், காயில் இழுக்கும் ஒவ்வொரு குதிப்பும் ஈசியூவின் வோல்ட்மீட்டரை ஆட்டும். இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் 14 ஓம் என்பதால் நான்கும் ஒரே சமயத்தில் திறந்தாலும் 4 ஆம்பியர்தான். 10 ஆம்பியர் பியூஸ் தாராளம்.

ரிலே காயிலின் 86-க்கு இக்னிஷன் 1, 85-க்கு எர்த். இப்போது அந்தப் பழைய வயர் சுமக்கவேண்டியது 150 மில்லிஆம்பியர் மட்டுமே, 160 மில்லிஓம் இருந்தாலும் கவலையில்லை. ரிலே வாங்கும்போது காயிலுக்குக் குறுக்கே ரெசிஸ்டர் உள்ளடங்கியதாகப் பாருங்கள். எந்தப் பக்கம் மாற்றிச் செருகினாலும் பாதகமில்லை. டையோடு உள்ளதாக இருந்தால் 85, 86 மாறினால் நேர் ஷார்ட், இக்னிஷன் பியூஸ் போய்விடும். இரண்டும் இல்லாத ரிலே சாவியை அணைக்கும்போது இக்னிஷன் வயரில் நூறு வோல்ட்டைத் தாண்டும் குத்தலைத் திருப்பி அனுப்பும்.

பம்ப் ரிலே தனி. அதன் 30-ஆம் காலுக்குப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. வயர். பம்ப் 6 ஆம்பியர் எடுத்தாலும் நான்கு மீட்டரில் 0.17 வோல்ட்தான் இறங்கும். 85 ஈசியூவின் 37-ஆம் பின்னுக்கு; அந்தப் பின் எர்த் கொடுத்தால் பம்ப் ஓடும், எஞ்சின் நின்றால் ஈசியூ தானே நிறுத்திவிடும். இந்த வசதியை விட்டுவிட்டுப் பம்பை நேராக இக்னிஷனில் கோப்பவர்கள், வண்டி கவிழ்ந்து கிடக்கும்போதும் பெட்ரோல் பாய்ந்துகொண்டிருக்கும் என்பதை யோசிக்க வேண்டும். 86-ஆம் கால்தான் பலரும் சறுக்கும் இடம். அதை மெயின் ரிலேயின் 87-இலிருந்துதான் எடுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தால், சாவி அணைந்த பிறகும் அந்தக் காயில் வழியாக 37-ஆம் பின்னுக்குள் கரண்ட் பின்வாசலாக நுழைந்து ஈசியூவைப் பாதி உயிரோடு வைத்திருக்கக்கூடும். அணைத்த வண்டியில் லேப்டாப் தொடர்பு அறாமல் இருந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள். ஈசியூ கட்டுப்படுத்தும் ஃபேன் ரிலேக்கும் இதே விதி.

87-க்கும் எர்த்துக்கும் நடுவில், வோல்ட்டேஜ் எகிறலை விழுங்கும் எஸ்எம்8எஸ்24ஏ டிவிஎஸ் டையோடு ஒன்று. எஞ்சின் ஓடும்போது பேட்டரி லக் கழன்றால் ஆல்டர்னேட்டரின் வெளியீடு போக இடமின்றி எகிறும். 12 வோல்ட் வண்டிகளுக்கு ஐஎஸ்ஓ 16750-2 தரம் வைக்கும் சோதனையில் அது 79 முதல் 101 வோல்ட். இந்த டையோடு 39 வோல்ட்டுக்குள் அடக்கிவிடும், யாராவது லாரியின் 24 வோல்ட்டில் ஜம்ப் அடித்தாலும் தானாகக் கருகாது.

எல்லா ஈசியூவும் மெகாஸ்குவிர்ட் மாதிரி ஒரே 12 வோல்ட் பின்னோடு வருவதில்லை. சிலவற்றுக்கு நிரந்தரப் பேட்டரி வயர் ஒன்று, சாவி சிக்னல் ஒன்று, மெயின் ரிலேயை ஈசியூவே பிடித்து வைத்துக்கொள்ளும் பின் ஒன்று என்று மூன்று இருக்கும். அவற்றில் சாவி சிக்னல் பின்னை ரிலேயின் 87-இல் கோத்துவிட்டால் ஈசியூ தன்னைத் தானே பிடித்துக்கொண்டு அணையவே அணையாது.

மூன்றாவது புகார்: சாவியை எடுத்தாலும் எஞ்சின் ஓடுகிறது

புது வயரிங்கில் ஸ்டார்ட்டிங்கும் ஐட்லிங்கும் பழுதில்லை. ஆனால் சாவியை அணைத்தால் எஞ்சின் நிற்க மறுக்கிறது. ரிலே ஒட்டிக்கொண்டது என்று மாற்றினாலும் அதே.

குற்றவாளி டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் விளக்கு. இக்னிஷன் வயரிலிருந்து அந்தப் பல்ப் வழியாக ஆல்டர்னேட்டரின் எல் முனைக்கு ஒரு வயர் போகிறது. ஆல்டர்னேட்டர் உயிர்பெறுவது அதில் வரும் கரண்டால்தான். எஞ்சின் ஓடும்போது பல மாடல்களில் எல் முனையில் 14 வோல்ட் இருக்கும். சாவியை அணைத்ததும் அந்த 14 வோல்ட், பல்ப் வழியாகத் தலைகீழாக இக்னிஷன் வயருக்குள் வருகிறது. 3 வாட் பல்பைத் தாண்டி 90 ஓம் ரிலே காயிலில் சுமார் 9–10 வோல்ட் நிற்கும். ரிலே பிடிக்க 7–8 வோல்ட் வேண்டும், பிடித்த பிறகு 3–4 வோல்ட் இருந்தாலே பலதும் விடாது. ஆக, எஞ்சின் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது, ஆல்டர்னேட்டர் ரிலேயைப் பிடிக்கிறது, ரிலே எஞ்சினை ஓட்டுகிறது.

முந்தைய வயரிங்கில் ஏன் இது வரவில்லை? அப்போது அதே இக்னிஷன் வயரில் காயிலும் இன்ஜெக்டரும் தொங்கிக்கொண்டிருந்தன. பல்ப் வழியாகக் கசியும் சொற்பக் கரண்டை அவை விழுங்கிவிட, வோல்ட்டேஜ் எழவே வழியில்லை. சுமையை எல்லாம் ரிலேக்கு மாற்றி, டிராக் வண்டி என்று ஹீட்டர், வைப்பர் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு, வயரில் மிஞ்சியது ஒரு ரிலே காயில் மட்டும். வயரிங்கைச் சரி செய்ததால் வெளிப்பட்ட கோளாறு.

சோதிக்க: எஞ்சின் ஓட, சாவியை அணைத்து, ஆல்டர்னேட்டரின் சிறு கனெக்டரைப் பிடுங்குங்கள். உடனே நின்றால் இதுதான். திருத்தம் ஒரு 1என்4007 டையோடு, விலை ஓரிரு ரூபாய். பல்புக்கும் எல் முனைக்கும் நடுவில், கோடு போட்ட பக்கம் ஆல்டர்னேட்டரை நோக்கி. ரிலே காயிலின் வயரில் டையோடு வைப்பவர்கள் உண்டு. பயனில்லை, திருட்டுக் கரண்டும் நியாயமான கரண்ட் வரும் அதே திசையில்தான் ரிலேக்குள் போகிறது.

அணைத்த பிறகு ஓரிரு வினாடி மட்டும் எஞ்சின் இழுத்தால் ஃபேனைச் சந்தேகியுங்கள். கரண்ட் போன பின்பும் சுற்றும் ஃபேன் மோட்டார் ஒரு டைனமோ. ஃபேன் இக்னிஷன் வயரில் இருக்கக்கூடாது என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

எர்த், கில் சுவிட்ச்

பாசிட்டிவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு எர்த்தை விட்டால் வேலை பாதி. ஈசியூவின் எர்த் வயர்கள் எல்லாம் எஞ்சின் பிளாக்கில் ஒரே போல்ட்டில், பெயின்ட் சுரண்டிய இடத்தில். சென்சார்களின் எர்த் எஞ்சினைத் தொடாமல் ஈசியூவுக்கே திரும்ப வேண்டும். வைட்பேண்ட் கன்ட்ரோலரின் எர்த்தும் அதே பிளாக் போல்ட்டுக்கே; பாடியில் கொடுத்தால் அதன் அனலாக் அளவு எப்போதும் கொஞ்சம் பொய் சொல்லும். ஈசியூ எர்த்தைப் பேட்டரி நெகட்டிவ் போஸ்டுக்கு நேராகக் கொண்டுபோவது சுத்தமான வேலையாகத் தோன்றும். எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நடுவிலுள்ள தடித்த பட்டை என்றைக்காவது தளர்ந்தால், செல்ஃபின் நூறு ஆம்பியரும் ஈசியூ போர்டின் மெல்லிய செம்புப் பாதை வழியாகத் திரும்ப முயலும். போர்டு கருகிய வாசனை வந்தால் அதுதான்.

டிராக்கில் கில் சுவிட்ச் கட்டாயம். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் பின்னிணைப்பு ஜே, எல்லா மின்சுற்றையும் துண்டிப்பதோடு எஞ்சினையும் நிறுத்த வேண்டும் என்கிறது. பேட்டரி கேபிளை மட்டும் வெட்டும் இரண்டு முனை சுவிட்ச் போட்டால், ஆல்டர்னேட்டர் ஈசியூவைத் தாங்கிக்கொள்ளும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன வோல்ட்டேஜ் எகிறலும் நேரும். ஆறு முனை சுவிட்ச் வாங்கி, சேர்ந்து திறக்கும் சிறு ஜோடியை மெயின் ரிலேயின் 86-க்குப் போகும் வயரில் தொடராகப் போடுங்கள். அணைக்கும்போது மூடிக்கொள்ளும் இன்னொரு ஜோடி, கூடவே வரும் 3 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஆல்டர்னேட்டரின் மிச்சத்தை எர்த்துக்கு விடுவதற்கு. மெயின் ரிலேக்கும் பம்ப் ரிலேக்கும் போகும் வயர்கள் இந்தச் சுவிட்சைத் தாண்டிய முனையிலிருந்து கிளம்ப வேண்டும், போஸ்டிலிருந்து அல்ல. மேலே போஸ்ட் என்று சொன்னதற்கு டிராக் வண்டியில் இது ஒன்றே விலக்கு.

வண்டியை ஒப்படைக்கும் முன்

எஞ்சின் ஐட்லிங்கில், ஃபேன் ஓட, ஹெட்லைட் எரிய: பேட்டரி பாசிட்டிவுக்கும் ஈசியூ 28-ஆம் பின்னுக்கும் நடுவில் 0.2 வோல்ட்டுக்குள். 28-ஆம் பின்னுக்கும் இன்ஜெக்டர் கனெக்டரின் பாசிட்டிவுக்கும் நடுவில் 0.1-க்குள், இதுதான் முக்கியமான எண், முதலில் சொன்னது கொஞ்சம் கூடினாலும் பிழைத்துக்கொள்ளலாம். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிளாக்குக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.3-க்குள். அதே நேரம் 28-ஆம் பின்னில் மினிமம் பக்கம் வைத்த மீட்டர் 8.5-க்குக் கீழே போகக்கூடாது. சாவி அணைந்து பத்து நிமிடம் கழித்துப் பேட்டரி நெகட்டிவில் தொடராக ஆம்பியர் மீட்டர் வைத்தால், மெகாஸ்குவிர்ட் போன்ற நிரந்தரக் கரண்ட் தேவைப்படாத ஈசியூவில், கடிகாரம் முதலிய மற்றவை கழற்றிய வண்டியில், பூஜ்யம்தான் வர வேண்டும்.

இதெல்லாம் தேறிய பிறகுதான் லேப்டாப்பைத் திறக்க வேண்டும். பழைய வயரிங்கில் கூட்டி வைத்த ஐட்லிங் கட்டங்கள் இப்போது 14 சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் ஊற்றும். அவற்றை முதலில் இறக்குங்கள். டியூனர்ஸ்டுடியோ காட்டும் பேட்டரி வோல்ட்டேஜும் மீட்டரும் 0.1–0.2 வித்தியாசப்பட்டால் பொருட்படுத்த வேண்டாம், அந்த வித்தியாசம் ஃபேன் போட்டாலும் அணைத்தாலும் மாறாமல் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். கடைசியாக, எஞ்சின் சூடான நிலையில் ஃபேன் ரிலேயைக் கையால் நான்கைந்து முறை போட்டு எடுத்து ஏஎஃப்ஆரைக் கவனியுங்கள். ஆல்டர்னேட்டர் சுமை ஏறுவதால் ஆர்பிஎம் ஒரு கணம் தளரும், திரும்பும். ஏஎஃப்ஆர் 0.2-க்கு மேல் நகர்ந்தால் திறத்தல் தாமதத்துக்கான வோல்ட் திருத்த எண்ணை 0.02 வீதம் கூட்டியோ குறைத்தோ மறுபடி பாருங்கள்: ஃபேன் போட்டதும் லீனாகப் போனால் எண் போதவில்லை, ரிச்சாகப் போனால் அதிகம்.